கிப்பன் ஜோடி பிரியவே பிரியாதா?

“கிப்பன் குரங்குகள் ஒருமுறை ஜோடி சேர்ந்தால் சாகும்வரை பிரியாது, வேறு துணையை ஏறெடுத்தும் பார்க்காது” என்று ஒருவர் இணையத்தில் எழுதியிருக்கிறார். பல வருடமாகச் சுற்றிவரும் கதைதான், ஆனால் பாதிதான் உண்மை.

முதலில் சின்னத் திருத்தம். கிப்பனுக்கு வால் கிடையாது. அது சாதாரணக் குரங்கல்ல, சிம்பன்சியைப் போல மனிதக் குரங்கு (ape) வகை, அதிலும் உருவில் சிறியது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு ஆண், ஒரு பெண், அவற்றின் குட்டிகள் என்று சிறு குடும்பமாக வாழ்வது பெரும்பாலும் உண்மை. காலையில் இரண்டும் சேர்ந்து பாடுவதும் உண்மை. பெண்ணின் குரல் மெல்லத் தொடங்கி, படிப்படியாக ஏறி உச்சத்தைத் தொட்டு இறங்கும்போது, ஆண் சரியாக அந்த இடத்தில் பதில் குரல் கொடுக்கும். அதைக் கேட்டால் யாருக்கும் ‘ஆதர்ச தம்பதி’ என்றுதான் தோன்றும்!

ஆனால் தாய்லாந்தின் காவோ யாய் காட்டில் வெள்ளைக்கை கிப்பன்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். பெண் பக்கத்துக் குடும்பத்து ஆணோடு கூடுவதுண்டு. துணையை விட்டுப் போவதும், வெளியிலிருந்து வந்த ஆண் பழைய ஆணைத் துரத்திவிட்டு இடத்தைப் பிடிப்பதும் உண்டு. சில கூட்டங்களில் ஒரு பெண்ணோடு இரண்டு ஆண்கள்கூட இருக்கின்றன.

அப்புறம், அந்தப் பதிவுக்குக் கீழே இன்னொருவர் “கிளையிலிருந்து கிப்பன் விழவே விழாது” என்கிறார். காட்டில் சேகரித்த கிப்பன் எலும்புக்கூடுகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் முறிந்து மறுபடி கூடிய எலும்பு இருந்தது. காய்ந்த கிளை ஒடிந்தால் அதுவும் விழத்தான் செய்யும்.