புக்கிட் பிரவுன் யாரும் தானம் கொடுத்த நிலம் அல்ல

"பிரவுன் என்ற வெள்ளைக்காரர் சீனர்களுக்குத் தானமாகக் கொடுத்த இடம், நெடுஞ்சாலை போட்டு மொத்தத்தையும் அழித்துவிட்டார்கள்" என்று சிங்கப்பூர் புக்கிட் பிரவுன் கல்லறையைப் பற்றி மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

ஜார்ஜ் ஹென்றி பிரவுன் என்ற வணிகர் அங்கே நிலம் வைத்திருந்தார், பெயர் அப்படி வந்தது. அவ்வளவுதான். பிறகு அது ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுவழக்குக் குழுவைச் சேர்ந்த ஓங் குலத்தாரின் சங்கத்திடம் போனது. அவர்களிடமிருந்து நகராட்சி 1919-இல் ஒரு பகுதியைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. அதுவரை பெரும்பாலான சீன இடுகாடுகள் குலத்துக்கும் பேச்சுவழக்குக்கும் தனித்தனி. இங்கே எந்தச் சீனரையும் புதைக்கலாம் என்று 1922-இல் திறந்தார்கள். கல்லறைக்கான மனை சிறியது என்று சனங்கள் முதலில் தயங்கினார்கள் என்பதும் உண்மை.

சரி, சாலை விஷயம். 1973-இல் மூடியபோது ஏறத்தாழ ஒரு லட்சம் கல்லறைகள் இருந்தன. லோர்னி நெடுஞ்சாலைக்காகத் தோண்டியவை சுமார் 4,000. அதுவே பெரிய இழப்பு, எனக்கும் அதில் வருத்தம் உண்டு. ஆனால் மீதி இன்றும் இருக்கிறது. குன்றின் மேலே ஓங் சாம் லியோங் என்ற சீன வணிகரின் கல்லறைக்குப் போய்ப் பாருங்கள்: தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர்கள் இருவர் கல்லில் நிற்கிறார்கள், பெற்றோரைப் பேணிய பிள்ளைகளின் கதைகள் சுற்றிலும் செதுக்கப்பட்டிருக்கின்றன. "எல்லாம் போய்விட்டது" என்று பரப்பினால், மிச்சத்தைக் காப்பாற்றப் பேசுகிறவர்களுக்குத்தான் கெடுதல். பதிவைத் திருத்திவிடுங்கள்.