யார் முஸ்லிம்னு கவர்மென்ட் எதுக்கு முடிவு பண்ணணும்?

பாகிஸ்தான்ல குண்டு வெடிச்சா நம்ம டைம்லைன்ல ரெண்டே பேச்சுதான். ஒண்ணு அந்த மதமே அப்படித்தான்னு, இன்னொண்ணு மதத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல எல்லாம் அமெரிக்கா வேலைன்னு. அங்க ஆட்சியில இருந்தவங்க மதத்தை வச்சு என்னென்ன பண்ணாங்கன்னு யாரும் பேசுறதில்ல, எனக்கு அதுதான் முக்கியமா படுது.

1947 ஆகஸ்ட் 11-ம் தேதி பாகிஸ்தானை உருவாக்குன ஜின்னா பேசுனப்போ, நீங்க எந்த மதமா இருந்தாலும் அரசுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னுதான் சொன்னாரு. 1974-ல பிரதமர் பூட்டோ ஆட்சியில, அதாவது மாடர்ன் ஆளு சோஷலிஸ்ட்னு பேர் வாங்குனவரோட ஆட்சியில, பார்லிமென்ட்டே உக்காந்து, தங்களை முஸ்லிம்னு சொல்லிக்குற சின்னப் பிரிவான அஹ்மதியாக்கள் முஸ்லிம் இல்லைன்னு சட்டத் திருத்தம் போட்டுச்சு. அடுத்து ராணுவ ஆட்சி நடத்துன ஜெனரல் ஜியா வந்தாரு. 1980-ல பேங்க் அக்கவுன்ட்ல இருந்து ஜகாத்தை, அதாவது முஸ்லிம்கள் குடுக்க வேண்டிய கட்டாய தர்மத்தை, கவர்மென்ட்டே புடிக்கும்னு ஆர்டர், எங்க மத்ஹப்ல (மதச் சட்ட வழியில) இப்படி இல்லையேன்னு ஷியாக்கள் இஸ்லாமாபாத்ல திரண்டு போராடி விலக்கு வாங்குனாங்க. அதாவது பேங்க் கவுன்ட்டர்ல கூட நீ சுன்னியா ஷியாவான்னு சொல்ல வேண்டிய நிலைமை! 1985-லயே ஜங் ஊர்ல ஷியாக்களுக்கு எதிரா சிபா-இ-சஹாபாங்கற சுன்னி தீவிரவாத அமைப்பு கிளம்பிடுச்சு. ஆப்கான் போரும் அதுக்கு வந்த அமெரிக்க, சவூதி பணமும் பெரிய காரணம்தான், நான் மறுக்கல. ஆனா துப்பாக்கி வெளியில இருந்து வந்துச்சு, யாரை சுடலாம்ங்கற லிஸ்ட்டை சட்டம்தான் போட்டுக் குடுத்துச்சு.

1984-ல அஹ்மதியாக்கள் பாங்கு சொன்னாலோ, தொழுற இடத்தை பள்ளிவாசல்னு சொன்னாலோ மூணு வருஷம் வரை ஜெயில்னு ஜியா கொண்டு வந்தாரு. 2010 மே மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, லாகூர்ல அவங்க தொழுகை நடத்துன ரெண்டு இடத்துல தீவிரவாதிங்க பூந்து 80 பேருக்கு மேல கொன்னாங்க. சட்டம் ஜெயிலோட நிறுத்துனதை இவங்க துப்பாக்கியால முடிச்சாங்க, அவ்ளோதான் வித்தியாசம். 2011 ஜனவரியில பாகிஸ்தான் பஞ்சாப் கவர்னர் சல்மான் தசீரை அவரோட காவலுக்கு நின்ன போலீஸ்காரனே சுட்டான், மதநிந்தனை சட்டத்தை அவர் விமர்சிச்சாருங்கறதுதான் காரணம். அந்த கொலைகாரன் மேல ரோஜாப்பூ தூவுனவங்கள்ல வக்கீல்களும் இருந்தாங்க. சட்டம் படிச்சவங்க! இத படிச்ச அன்னைக்கு மனசே ஆறல.

அப்போ மதத்தை அடக்குனா சரியாயிடுமான்னு கேட்டா அதுவும் இல்ல. துனிசியாவுல 1981-ல இருந்து ஸ்கூல்லயும் ஆபீஸ்லயும் ஹிஜாபுக்கு தடை, அதிபர் பென் அலி காலத்துல தாடி வச்சு ஒழுங்கா தொழுகைக்கு போனாலே போலீஸ் நோட் பண்ணும். 2011-ல அவர் ஓடினதுக்கு அப்புறம் அந்த சின்ன நாட்டுல இருந்து ஆயிரக்கணக்குல பசங்க சிரியாவுக்கு சண்டைக்கு போனாங்க. பள்ளிவாசல்ல நிதானமா மார்க்கம் சொல்லித்தர ஆலிம்களையும் (மார்க்க அறிஞர்களையும்) அரசு அவங்க கைப்பாவையா ஆக்கிட்டதால, பசங்க இன்டர்நெட்ல கத்துறவன் பேச்சை கேட்டாங்க.

மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்குற செனகல்ல 90 சதவீதத்துக்கு மேல முஸ்லிம்கள், அரசியல் சட்டத்துல மதச்சார்பற்ற நாடு. முரீத், திஜானி மாதிரி சூஃபி தரீக்காக்களுக்கு (ஆன்மிகக் குழுக்களுக்கு) மக்கள்கிட்ட பெரிய செல்வாக்கு இருக்கு, அரசும் அவங்களை மதிக்குது, ஆனா யார் உண்மையான முஸ்லிம்னு சர்டிஃபிகேட் குடுக்குற வேலையை அரசு எடுத்துக்கல. பக்கத்து நாடு மாலி தீவிரவாதத்துல பத்தி எரியுறப்பவும் செனகல்ல அந்த மாதிரி பெரிய தாக்குதல் நடக்கல. இது ஒண்ணு மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா இதுவும் காரணம்னு உறுதியா நம்புறேன்.

2014 டிசம்பர்ல பெஷாவர் ஸ்கூல்ல தீவிரவாதிங்க 130 பிள்ளைங்களுக்கு மேல கொன்னதுக்கு அப்புறம் பாகிஸ்தான் ஆர்மி எவ்ளோவோ ஆபரேஷன் பண்ணுச்சு. ஆனா பாஸ்போர்ட் எடுக்கப் போற முஸ்லிம், அஹ்மதியா இயக்கத்தை ஆரம்பிச்சவர் பொய்யர்னு கையெழுத்து போடணும்ங்கற விதியை யாரும் தொடல. முதல்ல அந்த ஃபார்மை கிழிச்சுப் போடுங்க.