ஒற்றைப் பாம்புதான் மருத்துவக் கடவுளின் அடையாளம்

“இரண்டு பாம்பு சுற்றிய, சிறகு வைத்த கோலை ரோமானியப் பொற்காசில் பார்த்தால் அது மருத்துவக் கடவுள் காசு” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு, நண்பரே. அந்தக் கோல் வணிகத்துக்கும் தூதுக்கும் உரிய ரோமானியக் கடவுள் மெர்குரியுடையது. ஃபெலிசிட்டாஸ் (செழிப்பு), பாக்ஸ் (அமைதி) போன்ற தேவியர் கையிலும் அதைக் காணலாம்.

மருத்துவக் கடவுள் ஈஸ்குலேப்பியஸின் கோலில் ஒரே பாம்புதான், சிறகு கிடையாது. ரோமானியப் பேரரசர் கரகல்லா கி.பி. 214இல் நோய் தீர, இன்றைய துருக்கியில் உள்ள பெர்கமோனில் இந்தக் கடவுளுக்கு இருந்த கோயிலுக்குப் போனார். அடுத்த ஆண்டு வந்த அவருடைய காசுகளில் இந்தக் கடவுள் நேராக நிற்கிறார். சிலவற்றில் அவர் பக்கத்தில் முக்காடு போட்ட குட்டி உருவம் ஒன்று இருக்கும். அது டெலஸ்ஃபோரஸ், குணமடைதலின் தெய்வம்.

அப்புறம், சலுஸ் தேவி உள்ள பேரரசர் நீரோவின் பொற்காசை “மருந்துக் காசு” என்றீர்கள். சலுஸ் என்றால் உடல்நலம் மட்டுமல்ல, பாதுகாப்பும்தான். கி.பி. 65இல் நீரோவைக் கொல்ல நடந்த சதி முறியடிக்கப்பட்டது. அவர் உயிர் தப்பியதோடுதான் அந்தக் காசைப் பொதுவாக இணைத்துச் சொல்கிறார்கள். அதில் பாம்பே கிடையாது. சலுஸ் கையில் ஒரு தட்டுடன் அமர்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் பரவியதற்கு அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு 1902இல் மெர்குரியின் கோலைச் சின்னமாக எடுத்துக்கொண்டது ஒரு முக்கியக் காரணம். பதிவைத் திருத்திவிடுங்கள், காசு சேகரிக்கத் தொடங்குபவர்கள் இதை நம்பி வாங்கிவிடுவார்கள்.