ஆகஸ்டு முதல் தேதிக் கணக்கு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அரசுப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டைத் தனியார் பள்ளியோடு ஒப்பிட்டு, பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேராததற்குக் காரணம் இதுதான் என்று எங்கள் ஊரில் பேசி முடித்துவிடுகிறார்கள். தென்காசி மாவட்டத்தின் சிறிய பேரூராட்சி ஒன்றில் வாழும் எனக்கு அது சரியாகப் படவில்லை. பிள்ளைகள் அரசுப் பள்ளியை விட்டு விலகுவது மூன்றரை வயதிலேயே நடந்துவிடுகிறது.

எல்கேஜி பிள்ளைக்கே தனியார் பள்ளி வேன் வாசலுக்கு வருகிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியோ ஐந்து வயதில்தான் சேர்த்துக்கொள்கிறது. இரண்டு ஆண்டுகள் ஓரிடத்தில் பழகிய குழந்தையைப் பெற்றோர் எப்படி மாற்றுவார்கள்? 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் அரசு மழலையர் வகுப்புகளைத் தொடங்கியபோது மகிழ்ந்தேன். எங்கள் ஊரில் இருப்பது தொடக்கப் பள்ளி என்பதால் அது எங்களுக்குக் கிட்டவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆசிரியர் பணியிடம். ஆகஸ்டு 1ஆம் தேதி பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை வைத்தே பணியிடங்கள் முடிவாகின்றன. உபரி எனக் கணக்கிடப்பட்டவர் பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுகிறார். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு. ஆனால் வகுப்புகள் ஐந்து. அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் பள்ளி விவரம் ஏற்ற உட்கார்ந்தாலோ, வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டத்திற்குப் போனாலோ, ஐந்து வகுப்புகளும் ஒரே ஆசிரியரின் முன் அமர்கின்றன. பீடி சுற்றிச் சேர்த்த பணத்தில் கட்டணம் கட்டும் தாய்மார்கள், ஆங்கில மோகத்தை விட, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருப்பதையே பெரிதாக எண்ணுவதை நேரில் கேட்டிருக்கிறேன். அவர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் செல்ல, அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை மேலும் சுருங்குகிறது.

காலை உணவுத் திட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன்; பசியோடு வகுப்பில் அமரும் பிள்ளைக்கு அது பெரும் துணை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் நல்லதே. ஆயினும் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தாலே அதற்குத் தகுதி உண்டு என்பதால், அதை நம்பி வரும் பிள்ளையும் ஐந்தாம் வகுப்பு வரை தனியாரிடம் படித்துவிட்டே வருகிறது. தொடக்கப் பள்ளிக்கு அதனால் பயனில்லை.

எண்ணிக்கை எவ்வளவு குறைந்தாலும் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்று ஆசிரியர்களுக்குக் குறையக் கூடாது. மழலையர் வகுப்பு அதே வளாகத்தில், பயிற்சி பெற்ற ஆசிரியரோடு நடக்க வேண்டும். இந்த இரண்டையும் தீர்மானமாக நிறைவேற்றி மேலே அனுப்பும்படி எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். பக்கத்து ஊர்க்காரர்களும் ஆகஸ்டுக்கு முன்பே கேட்க வேண்டுகிறேன்.