சாப்பிடுவது பற்றியல்ல, பயிரிடுவது பற்றி

மேலே ஒரு நண்பர், "அரிசி சாப்பிடுபவர்களுக்குக் கூட்டு மனப்பான்மை வரும் என்று சீன ஆய்வு நிரூபித்துவிட்டது, அதனால்தான் சேலத்துக்காரரும் ஏற்காட்டு மலைக்காரரும் வேறு வேறு குணம்" என்று எழுதியிருக்கிறார். பலரும் பகிர்கிறார்கள். ஒரு சின்னத் திருத்தம்.

2014 மே மாதம் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு அது. அதில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்பது கணக்கே இல்லை. ஒவ்வொரு மாகாணத்திலும் விளைநிலத்தில் எத்தனை பங்கு நெல்வயல் என்றுதான் ஒப்பிட்டார்கள். பங்கேற்றவர்கள் 1,162 ஹான் சீன மாணவர்கள். அவர்களிடம் கேட்ட ஒரு கேள்வி: ரயில், பஸ், தண்டவாளம், இதில் எந்த இரண்டு ஜோடி? நெல் விளையும் பகுதி மாணவர்கள் ரயிலையும் தண்டவாளத்தையும் அதிகம் சேர்த்தார்கள்; கோதுமைப் பகுதியினர் ரயிலையும் பஸ்ஸையும். முதலாவது, ஒன்றுக்கொன்று உள்ள தொடர்பைப் பார்ப்பது; இரண்டாவது, ஒரே வகையா என்று பார்ப்பது. ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் வயல் வேலை: நெல்லுக்கு வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட வேண்டும், நடவுக்கு ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கம் தலைமுறைகளாகப் படிந்து, வயலில் இறங்காத பிள்ளைகளிடமும் தெரிகிறது என்பது அவர்கள் வாதம். சோற்றுப் பானைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. (சாமை விளைந்த மலையிலும் இன்று ரேஷன் அரிசிதானே வேகிறது!)

அப்புறம், சேலமோ ஏற்காடோ அந்த ஆய்விலேயே இல்லை. சரிபார்ப்பது சுலபம்: ஆய்வின் முதன்மை ஆசிரியர் தாமஸ் டால்ஹெல்ம் பெயரோடு 'ரைஸ், வீட், சைனா' என்று தேடுங்கள். தலைப்பிலேயே 'வேளாண்மை' என்றுதான் இருக்கும். சுருக்கத்தைக் காசு கட்டாமலே படிக்கலாம்.