பழைய டிவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை

“டிஜிட்டல் ஒளிபரப்பு வந்தவுடன் பழைய டிவிகள் எல்லாம் வீண், இப்போதே புது டிவியோ டிஷ்ஷோ வாங்கிவிடுங்கள்” என்று ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்தை இதற்காகக் கடனில் தள்ளுவது அநியாயம்.

மாறுவது சிக்னல்தான். அந்தச் சிக்னலைப் பழைய டிவிக்கேற்ப மாற்றித் தரும் ஒரு டிஜிட்டல் பெட்டியை இணைத்தால் போதும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு துளைகள் இருந்தால் நேரடியாக இணைக்கலாம். ஆன்டெனா துளை மட்டும் இருந்தால் இடையில் ஆர்எஃப் மாடுலேட்டர் தேவைப்படும்; பெட்டியிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் ஆன்டெனா துளை வழியாக டிவிக்கு அனுப்பும் சிறு கருவி அது. தரைவழி ஒளிபரப்பு கோபுரத்திலிருந்து வருவதால் டிஷ்ஷுக்கு இங்கே வேலையே இல்லை. கூரையில் உள்ள, யுஎச்எஃப் என்ற அலைவரிசையைப் பிடிக்கும் ஆன்டெனாவே பெரும்பாலும் உதவும்.

மலைநாட்டுக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு. மலையில் பட்டுத் திரும்பும் அலைகளால் இன்று படம் இரட்டையாகத் தெரிகிறது. சற்றுத் தாமதமாக வரும் அந்த அலைகளைத் தாங்கும்படியே டிஜிட்டல் முறை வடிவமைக்கப்பட்டுள்ளது. ஆனால் மலை முழுவதுமாக மறைக்கும் பள்ளத்து லயன்களுக்குத் துணைக் கோபுரம் வேண்டும். அங்கே சிக்னல் குறைந்தால் படம் மங்காது, அடியோடு நின்றுவிடும். நாம் கேட்க வேண்டியது அந்தக் கோபுரத்தைத்தான்.

ஒரே இரவில் எல்லாம் நின்றுவிடும் என்பதும் சரியல்ல. ஜப்பானில் 2003இல் டிஜிட்டல் தொடங்கியது. பழைய ஒளிபரப்பைப் பெரும்பாலான இடங்களில் நிறுத்தியது 2011இல்தான். இலங்கை 2014இல் தேர்ந்தெடுத்த டிஜிட்டல் ஒளிபரப்பு முறையும் ஜப்பானின் ஐஎஸ்டிபி-டிதான். டிவிபி-டி2 என்ற வேறொரு டிஜிட்டல் முறையை மட்டும் ஏற்கும் பெட்டியை யாராவது மலிவாக விற்றால் வாங்காதீர்கள். அது அந்த ஒளிபரப்பைப் பிடிக்காது.