ஆற்றில் குளிப்பவர்களை வரைந்த ஓவியங்கள்

கரீபியன் தீவுகளைக் காட்டும் ஓவியங்களில் ஆற்றில் குளிக்கும் பெண்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அவை அழகாக இருக்கின்றன என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த மக்கள் ஏன் வெட்டவெளியில் குளிக்க நேர்ந்தது என்பதை விட்டுவிட்டு உடலை மட்டும் காட்டும் படத்தை, எளியவர்களின் வாழ்க்கைச் சித்திரம் என்று கொண்டாட என்னால் முடியவில்லை.

அகோஸ்டினோ புருனியாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1763இல் டொமினிக்கா உள்ளிட்ட தீவுகள் பிரிட்டன் வசமானதும், அங்கே நிலங்களை விற்கும் பொறுப்பை ஏற்று வந்த சர் வில்லியம் யங் என்ற அதிகாரி, இந்த இத்தாலிய ஓவியரை உடன் அழைத்து வந்தார். நிலம் வாங்க ஆள் வரவேண்டிய காலத்தில் அவர் தீட்டிய நீரோடையில், பல நிறத்துப் பெண்கள் நிதானமாகக் குளிக்கிறார்கள். கரும்புத் தோட்டங்களில் சாட்டைக்கு அஞ்சி உழைத்த அடிமைகளின் பாடு அவருடைய படங்களில் பெரும்பாலும் தென்படுவதே இல்லை. இதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை.

வெளியில் குளிப்பதெல்லாம் வறுமைதான் என்று சொல்வதும் தவறு. ஹைட்டியின் சோதோ அருவியில் ஆண்டுதோறும் ஜூலை 16ஆம் நாளில் பக்தர்கள் திரண்டு நீராடி வந்தது வழிபாடு. அதே நாட்டில் 2010 அக்டோபரில், ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு கலந்த ஆர்ட்டிபொனைட் ஆற்று நீரில் குளித்து, துவைத்து, அதையே குடித்தவர்களிடையே காலரா பரவியது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மடிந்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காகப் பச்சையும் நீலமுமாகத் தீட்டி விற்கப்படும் ஆற்றங்கரைப் படங்களைக் காணும்போதெல்லாம் அந்தச் சாவுகள்தான் என் மனத்தில் வந்து நிற்கின்றன.

ஜமைக்காவின் டிரெஞ்ச் டவுனில், 1940களில் அரசு கட்டிய குடியிருப்புகளில் பல குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரு முற்றமும் சமையலறையும் தண்ணீர்க் குழாயும் இருந்தன. அப்படியொரு முற்றத்தைத்தான் நான் ஓவியத்தில் பார்க்க விரும்புகிறேன்: அரைக்கால் சட்டையோடு நின்று தலைக்குச் சோப்புப் போடும் சிறுவனும், அவன் வாளி நிறைவதற்காகக் காத்திருக்கும் அடுத்த வீட்டுப் பெண்ணும், அவள் காலடியில் வரிசையாக வைத்த பாத்திரங்களும் அதில் இருக்கட்டும். புருனியாஸின் படங்களை மாட்டியிருக்கும் அருங்காட்சியகங்களோ, அவற்றின் கீழே ஓவியரின் பெயரோடு யங் வகித்த பதவியையும் தவறாமல் எழுதி வைக்க வேண்டும்.